யே உடைஞ்சு போச்சுன்னா எந்த வழி: ரீபில்டா, வேற ஹெல்பரா, ஹெல்பரே இல்லாமலா?

ஆர்ச் லினக்ஸோ, அதுல இருந்து வந்த எண்டவர்ஓஎஸ், கேச்சிஓஎஸ், மஞ்சாரோ மாதிரி ஒண்ணோ டெஸ்க்டாப்ல வச்சிருக்கறவங்களுக்கு என்னைக்காவது ஒரு நாள் இது நடக்கும். வழக்கம் போல அப்டேட் ஓடி முடியும், ஒரு எரரும் வராது, அடுத்த தடவை டெர்மினல்ல யேன்னு (yay, ஹெல்பர்னு சொல்ற டூல்கள்ல ஒண்ணு) டைப் பண்ணா லிப்ஆல்பிஎம்.எஸ்ஓ.14 ஃபைலை திறக்க முடியல, அப்படி ஒரு ஃபைலே இல்லன்னு ஒரே ஒரு வரி சொல்லிட்டு நின்னுடும். ஏயுஆர்ல (ஆர்ச் பயனர்களே பில்ட் குறிப்பு எழுதி வைக்கற கிடங்கு) இருந்து போட்ட பேக்கேஜ் எல்லாத்தையும் அப்டேட் பண்ற டூலே ஓடலன்னா அதை எதை வச்சு சரி பண்றதுன்னு புதுசா வந்தவங்க ரொம்ப பதறிடறாங்க, சில பேர் ஓஎஸ்ஸையே திரும்ப போட்டுடறாங்க, அது வேண்டவே வேண்டாம்.

இதுக்கு வழி நாலஞ்சு இருக்கு. அதே யேவை கையால திரும்ப பில்ட் பண்ணலாம், ஏற்கனவே கம்பைல் ஆகி ரெடிமேடா வர்ற பின் (-bin) பேக்கேஜுக்கு போகலாம், பாரூங்கற இன்னொரு ஹெல்பருக்கு மாறலாம், ஹெல்பரே வேணாம்னு விடலாம், இல்ல ஏயுஆரையே குறைச்சுக்கிட்டு ஃப்ளாட்பேக் பக்கம் போகலாம். என் முடிவை முதல்லயே சொல்லிடறேன்: முதல்ல கையால ரீபில்ட் பண்ணி நிலைமையை சரி பண்ணுங்க, மாறணுமா வேணாமாங்கறதை அதுக்கு அப்புறம் நிதானமா யோசிங்க. உடைஞ்ச அன்னைக்கே கோபத்துல டூல் மாத்தினா அடுத்த தடவை அந்த டூலும் இதே மாதிரி நிக்கும், ஏன்னு அப்பவும் புரியாது.

எதைத் தேர்ந்தெடுக்கறதுக்கும் முன்னாடி கோளாறு எந்த அடுக்குல இருக்குன்னு பிரிச்சு பாக்கணும். அடியில ஆர்ச்சோட சொந்த பேக்கேஜ் மேனேஜரான பேக்மேன் இருக்கு, அதுக்கு மேல யே, பாரூ மாதிரி ஹெல்பர், அதுக்கும் மேல ஒவ்வொரு ஏயுஆர் பேக்கேஜோட பேக்கேஜ்பில்ட் ஃபைல், அதாவது அதை எப்படி பில்ட் பண்ணணும்னு சொல்ற குறிப்பு. மூணுல எது உடைஞ்சாலும் மெசேஜ் என்னமோ யே ஓடிட்டு இருக்கும்போது தான் வருது, அதனால பழி எல்லாம் யே மேல விழுது. இதைப் பிரிக்க சுலபமான வழி, யேவை மூடிட்டு சூடோ போட்டு பேக்மேன் -எஸ்ஒய்யு மட்டும் ஓட்டிப் பாக்கறது, எஸ் மட்டும் பெரிய எழுத்து, ஒய் யு ரெண்டும் சின்னது. அதுலயும் அதே எரர் வந்தா ஹெல்பருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 2025 ஜூன்ல லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜை பல துண்டா பிரிச்சாங்க இல்லையா, அப்போ என்விடியா ஃபைல்கள் ஏற்கனவே இருக்குன்னு அப்டேட் நின்னுச்சு, யே கெட்டுப்போச்சுன்னு அதை அழிச்சுட்டு பாரூ போட்டவங்களுக்கு பாரூவுலயும் அதே எரர் தான். ஆர்ச் நியூஸ்லயே பழைய லினக்ஸ்-ஃபர்ம்வேரை டிபெண்டன்சி பாக்காம எடுத்துட்டு திரும்ப போடுங்கன்னு தெளிவா எழுதியிருந்தாங்க. ஹெல்பர்ல இருந்தே அந்த நியூஸை படிக்கலாம், யேலயும் பாரூலயும் -பிடபிள்யு கொடுத்தா வந்துடும், பி பெருசு.

பேக்கேஜோட டிஜிட்டல் கையெழுத்தை நம்ப முடியாது, பேக்கேஜ் கெட்டுப்போயிருக்குன்னு வர்ற எரரும் பேக்மேன் அடுக்குல தான். மாசக்கணக்கா அப்டேட் பண்ணாத மெஷின்ல அந்த கையெழுத்தை சரிபாக்கற கீகள் இருக்கற ஆர்ச்லினக்ஸ்-கீரிங் பேக்கேஜ் பழசாகி இருக்கும், அதை மட்டும் முதல்ல புதுப்பிச்சுட்டு இடைவெளி விடாம முழு அப்டேட்டையும் ஓட்டணும், நடுவுல நிறுத்தி வேற எதையும் இன்ஸ்டால் பண்ணக்கூடாது. டேட்டாபேஸை லாக் பண்ண முடியலன்னு வந்தா வேற எதுவும் ஓடலைங்கறதை உறுதி பண்ணிட்டு தான் /வார்/லிப்/பேக்மேன் ஃபோல்டர்ல இருக்கற டிபி.எல்சிகே ஃபைலை அழிக்கணும்.

பேக்மேன் சுத்தமா ஓடுது, யேவும் திறக்குது, ஆனா குறிப்பிட்ட ஒரு பேக்கேஜ் மட்டும் பில்ட் ஆகலன்னா அது மூணாவது அடுக்கு. செக்சம் (டவுன்லோட் ஆன ஃபைல் மாறலையான்னு சரிபாக்கற குறி) பொருந்தலன்னா பெரும்பாலும் சாஃப்ட்வேரை எழுதினவங்க பேரை மாத்தாம ஃபைலை மட்டும் மாத்தியிருப்பாங்க, ஏயுஆர் பக்கத்துல அந்த பேக்கேஜுக்கு கீழ இருக்கற கமெண்ட்டை படிச்சா யாராவது ஏற்கனவே சொல்லியிருப்பாங்க, ஒரு நாள் பொறுத்தா மெயின்டெயினர் சரி பண்ணிடுவார், செக்சம் சோதனையையே தூக்கிட்டு பில்ட் பண்றதை மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க. தெரியாத பப்ளிக் கீன்னு வந்தா அந்த கீயை ஜிபிஜியில இம்போர்ட் பண்ணணும், அதுக்கு முன்னாடி அது உண்மையிலேயே அந்த ப்ராஜெக்ட்டோட கீ தானான்னு அவங்க சொந்த பக்கத்துல ஒரு தடவை பாத்துக்கங்க. அப்புறம் நிறைய பேருக்கு தோணாத ஒண்ணு, கோண்டாவோ பைஎன்வோ (தனியா ஒரு பைத்தான் வச்சுக்கற டூல்கள்) பாத்ல முன்னாடி நின்னா பைத்தான் பேக்கேஜ்கள் சிஸ்டம் பைத்தானை விட்டுட்டு அதைப் பிடிச்சுக்கிட்டு சம்பந்தமே இல்லாத எரரை எல்லாம் கொட்டும், கோண்டாவை டீஆக்டிவேட் பண்ணிட்டு பில்ட் பண்ணா அமைதியா முடிஞ்சிடும். பழைய சோர்ஸ் மிச்சம் கிடந்தும் சில சமயம் குழப்பும், ஹோம் ஃபோல்டர்ல .கேச் உள்ள யே ஃபோல்டர்ல அந்த பேக்கேஜ் பேர்ல இருக்கறதை மட்டும் அழிச்சுட்டு திரும்ப முயற்சி பண்ணுங்க.

இப்போ ரெண்டாவது அடுக்கு, ஹெல்பரே உடையறது. யேவும் பாரூவும் பேக்மேனோட டேட்டாபேஸை படிக்க லிப்ஆல்பிஎம் லைப்ரரியை பயன்படுத்துது. பேக்மேன் பெரிய வெர்ஷன் மாறும்போது அந்த லைப்ரரியோட நம்பரும் மாறுது: 2021ல பேக்மேன் 6.0 வந்தப்போ 13, 2024 மார்ச்ல 6.1 வந்தப்போ 14, அதே வருஷம் செப்டம்பர்ல 7.0 ஆர்ச்சுக்கு வந்தப்போ 15. ஆர்ச்சோட சொந்த ரெப்போல இருக்கற பேக்கேஜ்களை அவங்களே சேர்த்து ரீபில்ட் பண்ணி தள்ளிடுவாங்க. ஏயுஆர் பேக்கேஜ் உங்க மெஷின்ல உங்களால பில்ட் ஆனது, அதை யாரும் வந்து ரீபில்ட் பண்ணித் தரமாட்டாங்க, பழைய நம்பரை தேடிக்கிட்டே நிக்கும். யே எழுதினவங்க மேலயும் தப்பு இல்ல, ஆர்ச் மேலயும் தப்பு இல்ல, ஏயுஆர்ங்கற ஏற்பாடே அப்படித்தான்.

இந்த இடத்துல ஒரு மோசமான யோசனை சுத்திட்டே இருக்கும், புது லைப்ரரிக்கு பழைய பேர்ல ஒரு சிம்லிங்க் (வேற பேர்ல இருந்து அதே ஃபைலுக்கு போற குறுக்கு வழி) போட்டுடுங்க, யே ஓடும்னு. சில சமயம் ஓடவும் செய்யும், அது தான் பயமே. நம்பர் மாத்தறதே உள்ள ஃபங்ஷனோ டேட்டா அமைப்போ மாறிடுச்சு, பழைய ப்ரோக்ராம் இதை நம்பி ஓடக்கூடாதுன்னு சொல்றதுக்குத் தான், அதை ஏமாத்தி உங்க மொத்த சிஸ்டத்தோட பேக்கேஜ் டேட்டாபேஸை தொடற டூலை ஓட்டறது எந்த விதத்துலயும் நியாயம் இல்ல. அதே மாதிரி பேக்மேனை மட்டும் பழைய வெர்ஷனுக்கு இறக்கி யேவை காப்பாத்தறதும் வேணாம், மத்ததெல்லாம் புதுசா இருக்கும்போது அடியில இருக்கறதை மட்டும் பழசாக்கினா கோளாறு வேற இடத்துல கிளம்பும்.

சரியான முதல் வழி ரொம்ப சின்னது. பில்டுக்கு வேணுங்கற பேஸ்-டெவல், கிட் ரெண்டும் இருக்கான்னு பாத்துக்கங்க, ஏயுஆர்ல இருந்து யேவை கிட் க்ளோன் பண்ணுங்க, அந்த ஃபோல்டருக்குள்ள போயி மேக்பேக்கேஜ் (makepkg, பேக்கேஜ்பில்டை வச்சு பில்ட் பண்ற கமாண்ட்) -எஸ்ஐ ஓட்டுங்க, ரெண்டும் சின்ன எழுத்து. சூடோ போடாம ஓட்டணும், மேக்பேக்கேஜ் ரூட்ல ஓட மறுத்துடும், தேவைப்படற இடத்துல அதுவே பாஸ்வேர்ட் கேக்கும். கோ கம்பைலர் இல்லன்னா அதையும் இழுத்துக்கும், சாதாரண மெஷின்லயே சீக்கிரம் முடிஞ்சிடும். நெட், மெஷின், ஏயுஆர் மூணும் ஓடினா போதும், வேற எந்த டூலையும் நம்பி இருக்க வேண்டியதில்ல. இதைத் தெரிஞ்சுக்கிட்டவங்களுக்கு ஹெல்பர் உடையறது பெரிய விஷயமே இல்ல, அதனால தான் எந்த டூல் பயன்படுத்தினாலும் இதை ஒரு தடவையாவது கையால பண்ணிப் பாருங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன்.

ரெண்டாவது வழி, யே-பின்னும் பாரூ-பின்னும். கம்பைல் பண்ண வேண்டாம், டவுன்லோட் பண்ணா முடிஞ்சுது, மெதுவான மெஷினுக்கு இது பெரிய வசதி. ஆனா உடையற சமயத்துல இது தான் உங்களை ரொம்ப காக்க வைக்கும், ஏன்னா அந்த பைனரி வேற ஒருத்தர் மெஷின்ல பழைய லைப்ரரியோட சேர்த்து கட்டப்பட்டது, அதை நீங்க பத்து தடவை திரும்ப இன்ஸ்டால் பண்ணாலும் அதே பைனரி தான் வரும், அவங்க புது ரிலீஸ் விடற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது. சோர்ஸ்ல இருந்து பில்ட் ஆகற பேக்கேஜுக்கு அந்த கட்டு கிடையாது. கிட்-னு முடியற வெர்ஷன் எதிர்ப்பக்கம், டெவலப்மென்ட்ல இருக்கற கோடை எடுக்கும், புது பேக்மேனுக்கு ஏத்த மாத்தம் ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடியே அதுல இருக்கும், பேக்மேன் 7 வந்தப்போ பாரூ ஆளுங்க நிறைய பேர் பாரூ-கிட்ல தான் கொஞ்ச நாள் ஓட்டினாங்க. அவசரத்துக்கு நல்ல பாலம், ஆனா அதுலயே தங்கிட வேணாம், ரிலீஸ் வந்ததும் திரும்பிடுங்க.

மூணாவது தான் எல்லாரும் கேக்கறது, யேவா பாரூவா. ரெண்டுமே பேக்மேன் மாதிரியே ஆப்ஷன் எடுத்துக்கும், கை பழக்கம் அப்படியே செல்லும். யே கோ மொழில எழுதினது, பாரூ ரஸ்ட்ல எழுதினது, ரீபில்ட் பண்ணும்போது வித்தியாசம் நல்லா தெரியும், பாரூ கம்பைல் ஆக கணிசமா கூடுதல் நேரமும் மெமரியும் கேக்கும். பாரூ பில்டுக்கு முன்னாடி பேக்கேஜ்பில்டை தானாவே திறந்து காட்டிட்டு தொடரலாமான்னு கேக்கும். யே டிஃப் வேணுமா, க்ளீன் பில்ட் வேணுமான்னு நம்பர் போட்டு கேக்கும், அவசரத்துல எல்லாத்துக்கும் எண்டர் தட்டிட்டு போறவங்க தான் அதிகம். சுத்தமான தனி ரூட்டுக்குள்ள பில்ட் பண்ற வசதி பாரூவுல உள்ளேயே இருக்கு, சிஸ்டத்துல இருக்கற மத்த குப்பை பில்டுக்குள்ள கலக்காது, அது கொஞ்சம் அனுபவம் வந்தவங்களுக்கு உண்மையிலேயே பயன்படும். லைப்ரரி நம்பர் மாறினா ரெண்டுமே ஒரே மாதிரி உடையும், இதை மட்டும் மனசுல வச்சுக்கங்க, உடையாத ஹெல்பர் வேணும்னு யேல இருந்து பாரூவுக்கு போறதுல அர்த்தம் இல்ல. பேக்கேஜ்பில்டை படிக்கற பழக்கம் வரணும்னு நினைச்சு போனா அதுல அர்த்தம் இருக்கு.

மாறும்போது எதாவது தொலைஞ்சிடுமோன்னு பயப்பட வேணாம். எந்தெந்த பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகியிருக்குங்கற கணக்கு பேக்மேன் கிட்ட தான் இருக்கு, ஹெல்பர் கிட்ட இல்ல. யேவை எடுத்துட்டு பாரூ போட்டா அது அதே பட்டியலை படிச்சுக்கும். கிட்-னு முடியற பேக்கேஜ்கள்ல கடைசியா எந்த கமிட்ல பில்ட் ஆச்சுங்கற தகவலை மட்டும் ஒவ்வொரு ஹெல்பரும் தனியா வச்சுக்கும், புதுசுல ஜென்டிபி ஆப்ஷனை ஒரு தடவை ஓட்டினா அதுவும் தயாராகிடும். அதனால உண்மையில ரெண்டையும் ஒரே மெஷின்ல வச்சுக்கலாம், ஒண்ணு விழுந்தா இன்னொண்ணுன்னு நினைக்கறாங்க, ஆனா ஒரே லைப்ரரி தான் ரெண்டுக்கும், விழும்போது சேர்ந்தே விழும்.

பாமேக் பத்தியும் ஒரு வார்த்தை, விண்டோல க்ளிக் பண்ணி அப்டேட் பண்ணணும்னு விரும்பறவங்களுக்கு அது வசதி தான், மஞ்சாரோல கூடவே வருது. ஆனா மஞ்சாரோ ஸ்டேபிள்ல ஆர்ச் பேக்கேஜ்களை கொஞ்ச நாள் பிடிச்சு வச்சு தான் விடறாங்க, ஏயுஆர்ல எழுதறவங்க ஆர்ச்சோட இன்னைக்கு நிலைமையை வச்சு எழுதறாங்க, நடுவுல இருக்கற அந்த இடைவெளியில புது லைப்ரரி கேக்கற பேக்கேஜ் பில்ட் ஆகாது. அது பாமேக் கோளாறு இல்ல, மஞ்சாரோல எந்த ஹெல்பர் போட்டாலும் அப்படித்தான் இருக்கும். அங்க இருக்கறவங்க ஏயுஆரை எவ்வளவு குறைவா எடுக்கறாங்களோ அவ்வளவு நல்லது.

ஹெல்பரே வேணாங்கற நாலாவது வழி பெருசா எல்லாம் இல்ல. பேக்மேன் -க்யூஎம் ஓட்டிப் பாருங்க, க்யூ பெருசு எம் சின்னது, ரெப்போல இல்லாத பேக்கேஜ் எல்லாம் பட்டியலா வரும். ஏழெட்டு தான் இருக்குன்னா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபோல்டர், கிட் புல், என்ன மாறியிருக்குன்னு ஒரு பார்வை, மேக்பேக்கேஜ், அவ்வளவு தான். உடையறதுக்கு நடுவுல ஒண்ணுமே இல்ல. ஒரு ஏயுஆர் பேக்கேஜ் இன்னொரு ஏயுஆர் பேக்கேஜை கேக்க ஆரம்பிச்சா, அது இன்னொண்ணை கேட்டா, அங்க தான் கை வலிக்கும், நாப்பது அம்பது பேக்கேஜ் வச்சிருக்கறவங்களுக்கு இது சரிப்படாது. அவங்களுக்கு ஏயுஆர்யூட்டில்ஸ்னு ஒண்ணு இருக்கு, பில்ட் ஆனதெல்லாம் லோக்கல் ரெப்போல போயி உக்காரும், பேக்மேன் அதை சாதாரண ரெப்போ மாதிரி எடுத்துக்கும், அழகான அமைப்பு. அதுக்கும் பேக்மேன் 7 சமயத்துல ஒரு வேலை வந்துச்சு, டவுன்லோடை ஆல்பிஎம்ங்கற தனி யூசர் கிட்ட ஒப்படைச்சாங்க, லோக்கல் ரெப்போ ஃபோல்டரை அந்த க்ரூப் படிக்கற மாதிரி பர்மிஷன் மாத்த வேண்டியிருந்தது.

கேயாடிக்-ஏயுஆர் ஏயுஆர் பேக்கேஜ்களை வேற ஒரு குழு பில்ட் பண்ணி பைனரியா தர்ற ரெப்போ. யேவும் பாரூவும் கூட அதுல கிடைக்கும், பேக்மேனே அப்டேட் பண்ணிடும், லைப்ரரி மாறினா அவங்க ரீபில்ட் பண்ணி விடுவாங்க. ப்ரௌசர் மாதிரி மணிக்கணக்கா கம்பைல் ஆகறதை பழைய லேப்டாப்ல போடணும்னா இது பெரிய உதவி. ஆனா இன்னொரு குழுவோட கீயை உங்க சிஸ்டம் முழுசா நம்பணும், அதை யோசிச்சு செய்யுங்க. ஃப்ளாட்பேக் வேற மாதிரி, ஆப் தன் ரன்டைமோட வர்றதால பேக்மேன் என்ன மாறினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. சாட் ஆப், மியூசிக் ப்ளேயர், ஆபீஸ் மாதிரி எல்லாத்தையும் ஏயுஆர்ல இருந்து எடுத்து ஃப்ளாட்பேக் ஆப் கிடைக்கற ஃப்ளாட்ஹப்புக்கு மாத்திடலாம்னு தாராளமா சொல்வேன், டிஸ்க் இடம் கூட போகும், அது பரவால்ல. ட்ரைவர், ஃபான்ட், ஷெல் டூல் எல்லாம் அப்படி மாத்த முடியாது, அதெல்லாம் ஏயுஆர்ல தான் இருக்கும்.

எந்த வழில போனாலும் பேக்கேஜ்பில்டை படிக்கறதை விடக்கூடாதுன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றதுக்கு காரணம் இருக்கு. 2018 ஜூலைல யாரும் பாத்துக்காம கிடந்த ஆக்ரோரீட் பேக்கேஜை ஒருத்தர் எடுத்துக்கிட்டு நடுவுல ஒரு கர்ல் வரியை சேர்த்து வெளில இருந்து ஸ்க்ரிப்ட் ஓட வச்சார். 2025 ஜூலைல ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரவூல்ஃப், ஜென் ப்ரௌசர் பேர்ல மூணு போலி பேக்கேஜ் ஏறுச்சு, உள்ள மெஷினையே வெளில இருந்து ஆட்டி வைக்கற ட்ரோஜன், ரெண்டு நாள்ல ஆர்ச் ஆளுங்க எடுத்துட்டாங்க. ஹெல்பர் உடைஞ்சு பதட்டத்துல இருக்கும்போது, ஃபிக்ஸ், பேட்ச்னு பேர் வச்ச பேக்கேஜை பாத்து ஆசைப்படறது சுலபம், அந்த மூணோட பேர்லயுமே அந்த மாதிரி வார்த்தை தான் இருந்துச்சு.

இன்னொரு நிலைமை, உங்க பக்கம் எல்லாம் சரி, ஏயுஆரே எட்டல. 2025 ஆகஸ்ட்ல டிடாஸ் தாக்குதல்னால (ஏராளமா ட்ராஃபிக் அனுப்பி சைட்டை முடக்கறது) ஏயுஆர், ஆர்ச் மெயின் சைட், ஃபோரம் எல்லாம் அடிக்கடி விழுந்துச்சு, யே டைம்அவுட் ஆச்சுன்னு கான்ஃபிகை நோண்டினவங்க எத்தனையோ பேர். அந்த மாதிரி சமயத்துல கிட்ஹப்ல ஆர்ச்சே வச்சிருக்கற ஏயுஆர் மிரர் இருக்கு, ஒவ்வொரு பேக்கேஜும் ஒரு ப்ராஞ்ச், அந்த ப்ராஞ்சை மட்டும் க்ளோன் பண்ணி மேக்பேக்கேஜ் ஓட்டினா வேலை முடிஞ்சுது. கையால பில்ட் பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு தான் அது உடனே கைகொடுக்கும்.

உடையறதை முன்னாடியே பிடிக்கணும்னா ரீபில்ட்-டிடெக்டர் பேக்கேஜை போட்டுக்கங்க, ஆர்ச் ரெப்போலயே இருக்கு. பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் செக்ரீபில்ட் ஓட்டினா லைப்ரரி நம்பர் மாறி அந்தரத்துல நிக்கற பேக்கேஜ் எதெதுன்னு சொல்லிடும், பைத்தான் 3.12ல இருந்து 3.13க்கு மாறின மாதிரி சமயத்துல பழைய பைத்தான் ஃபோல்டர்லயே மாட்டிக்கிட்ட ஏயுஆர் பேக்கேஜ்களையும் காட்டும். அப்புறம் 2024ல இருந்து ஆர்ச்சோட மேக்பேக்கேஜ் கான்ஃபிக்ல டீபக் ஆப்ஷன் ஆன் ஆகி வருது, ஏயுஆர் பேக்கேஜ் போட்டா கூடவே டீபக்னு முடியற இன்னொண்ணும் ஏறுதேன்னு குழம்பறவங்க அந்த கான்ஃபிக்ல டீபக்ங்கற வார்த்தைக்கு முன்னாடி ஒரு ஆச்சரியக்குறி போட்டா நின்னுடும்.

கடைசியா டாப்கிரேட் பயன்படுத்தறவங்களுக்கு. முதல்ல எழுதினவர் நிறுத்தினதுக்கு அப்புறம் கம்யூனிட்டி எடுத்து நடத்தற டூல் அது, பேக்மேன், ஏயுஆர், ஃப்ளாட்பேக், கார்கோ, ஃபர்ம்வேர்னு எல்லாத்தையும் ஒரே கமாண்ட்ல ஓட்டிடும், எல்லாம் சரியா இருக்கற நாள்ல அருமை. ஏதோ உடைஞ்சிருக்குன்னு சந்தேகம் வந்தா அன்னைக்கு அதைத் தொடாதீங்க, ஒண்ணு மேல ஒண்ணா எரர் ஓடி எது முதல்ல விழுந்துச்சுன்னே தெரியாம போயிடும். ஒன்லி ஆப்ஷன் கொடுத்து ஒவ்வொரு ஸ்டெப்பா தனியா ஓட்டுங்க, இல்ல பேக்மேனை கையால முடிச்சுட்டு, ஹெல்பர் திறக்குதான்னு பாத்துட்டு, மிச்சத்தை டாப்கிரேட் கிட்ட விடுங்க.